காரைக்குடியில் நைட் பீட் போகும் இரண்டு போலீஸ்காரர் படம்: நடைமுறை, சண்டை, வீடு பற்றிச் சந்தேகங்கள்

ஊருணிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 40 நிமிடப் படம் ஒன்று எழுதி முடித்திருக்கோம். காரைக்குடிப் பக்கம் ஒரு ஸ்டேஷன். நைட் பீட் போகும் இரண்டு பேர்: ஐம்பதை நெருங்கும் ஏட்டு ஒருத்தர், 22 வயசுக் காவலர் ஒருத்தன். சொந்தக்காரர்கள் சென்னையிலயும் வெளிநாட்டுலயும் இருக்க, பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் புகுந்து தேக்குத் தூண், நிலைக்கதவு எல்லாம் கழற்றி லாரியில் ஏற்றுகிற கும்பலோடு இவங்க மோதுறாங்க. ஆள் பறக்கக் கூடாது, ஒரே குத்தில் நாலு பேர் விழக் கூடாது. பார்க்கிறவனுக்கு வலிக்கணும், அவ்வளவுதான்.

சந்தேகங்கள்: இரண்டு பேர் இடுப்பிலயும் பிஸ்டல் வைக்கலாமா? க்ளைமாக்ஸில் வளவுக்குள்ளேயே (வீட்டு நடுவில் முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் இருக்கிற பகுதி) எட்டு நிமிடச் சண்டை எழுதியிருக்கோம், நிஜ வீட்டில் எடுக்க முடியுமா? ரத்தம், கண்ணாடி உடைப்பு இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? கேமரா ஒன்றுதான், பட்ஜெட் சின்னது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாரா டூட்டி எழுதியது:

தம்பி, முதலில் அந்த இரண்டு பிஸ்டலையும் கீழே வையுங்க. பீட் போகிற காவலர், ஏட்டு கையில் லத்தி, டார்ச், விசில், வாக்கி டாக்கி. அவ்வளவுதான். கைத்துப்பாக்கி எஸ்ஐ, இன்ஸ்பெக்டர் மட்டத்தில்தான் வரும். அதுவும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு, தோட்டாவை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பித் தர வேண்டிய சாமான். உங்க ஆட்களிடம் துப்பாக்கி இல்லை என்பது படத்துக்குக் குறை இல்லை, பலம். அஞ்சு பேர் எதிரே நிற்கும்போது லத்தியோட நிற்கிறவன் முகம் வேற மாதிரி இருக்கும்.

அடுத்தது வயசு. நேரடியாகச் சேர்கிற இரண்டாம் நிலைக் காவலர் முதலில் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோதான் போவார். சில வருடம் கழித்துத்தான் ஸ்டேஷன், அதாவது நம்ம ஆட்கள் சொல்ற 'தாலுகா'. அதனால் 22 வயசுப் பையன் பீட்டில் இருப்பது பொருந்தாது, 28க்கு மேல ஒரு ஆளைப் போடுங்க. ஏட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல். நெடுங்காலமாக இருந்த கணக்குப்படி 10 வருடத்தில் முதல் நிலைக் காவலர், 15இல் ஏட்டு, 25இல் எஸ்எஸ்ஐ, அதாவது சிறப்பு எஸ்ஐ. 22 வயசில் சேர்ந்தவர் 47இல் எஸ்எஸ்ஐ ஆகியிருக்கணும். ஐம்பதிலும் கையில் மூணு பட்டையோட நிற்கிறார்னா, ஏதோ ஒரு 3(பி) சார்ஜ், அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கை, அவரைப் பிடிச்சு வச்சிருக்கு. அதை ஒரே ஒரு வசனத்தில் சொல்லுங்க. டீக்கடையில் பழைய பேட்ச்மேட் ஒருத்தர் நட்சத்திரம் வச்ச தோளோட வந்து நின்றால் வசனம்கூட வேண்டாம். அவர் ஏன் எந்தச் சண்டையிலும் முதல் கையை ஓங்க மாட்டார், ஏன் எல்லாத்தையும் எழுதி வைக்கிறார் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துடும்.

கூப்பிடும் முறை: இளையவர் அவரை 'ஏட்டய்யா' என்பார். அவர் இவனைத் 'தம்பி' என்பார், கோபம் வந்தால் பேரைச் சொல்வார். எஸ்ஐயிலிருந்து மேலே எல்லாருமே 'ஐயா'. மைக்கில் 'நோட் பண்ணிக்கிட்டேங்கய்யா' என்பதுதான் பேச்சு. ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு 'பார்ட்னர்' என்று பேசிக்கொள்ளும் வசனம் இருந்தா அடிச்சிடுங்க. காரைக்குடி சிவகங்கை எஸ்பிக்குக் கீழே வருது, சப்-டிவிஷனுக்கு டிஎஸ்பி. 'ஏசி வர்றார்', 'கமிஷனர் ஆபீஸ்' என்று ஒரு இடத்தில் வந்தாலும் ஊர்க்காரன் சிரிச்சிடுவான். தோள்பட்டையும் பாருங்க: எஸ்ஐக்கு இரண்டு நட்சத்திரம், சிவப்பு நீல ரிப்பனோட. இன்ஸ்பெக்டருக்கு மூணு, ரிப்பனோட. டிஎஸ்பிக்கு மூணு, ரிப்பன் கிடையாது. வாடகைக் கடையில் இதைக் கலந்துதான் தருவாங்க.

பீட் என்றால் சும்மா சுற்றுவது இல்லை. பேங்க், கோயில், நகைக்கடை, பூட்டின வீடு என்று குறிப்பிட்ட இடங்களில் பட்டா புத்தகம், அதாவது பீட் போகிறவர் கையெழுத்துப் போடுகிற நோட்டு, தொங்கும். போய் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கணும். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிட்டுப் போகிற வீடுகளை ராத்திரி போய்ப் பார்ப்பார்கள். உங்க கதைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஏட்டு டார்ச் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார், மேலே முந்தின நாள் கையெழுத்து இருக்கு, ஆனால் எழுதியிருக்கிற நேரத்தில் அந்த ஆள் வேறு இடத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். கும்பலுக்கு உள்ளே ஆள் இருக்கு என்பதற்கு அது போதும்.

சட்டப் பிரிவுகளையும் மாத்துங்க. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கிற கதை என்றால் பழைய ஐபிசியின் 302, 307 எல்லாம் பேசக் கூடாது. அதுக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில் (பாரதிய நியாய சன்ஹிதா) கொலை 103, கொலை முயற்சி 109. அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தாக்கினால் 132. வீட்டுக்குள் திருட்டு 305. எப்ஐஆர் போடுவது பிஎன்எஸ்எஸ் 173 (பிஎன்எஸ்எஸ் என்பது நடைமுறைச் சட்டம், பழைய சிஆர்பிசிக்குப் பதில்). வயசான ஏட்டு வாயில் பழைய நம்பர் வந்து, எப்ஐஆர் எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டர் திருத்தினால் அது நிஜம்.

முக்கியமான ஒன்று பிஎன்எஸ்எஸ் 105. சோதனை, கைப்பற்றல் எல்லாம் வீடியோ எடுக்கணும், செல்போனே போதும். அதனால் கும்பலோட குடோனில் நுழையும்போது இளையவன் கையில் போன் ஓடிக்கிட்டு இருக்கும், ஒரு கை அங்கேயே போயிடும். அடிதடி ஆரம்பிக்கும்போது அவன் போனைப் போடுவானா, லத்தியை எடுப்பானா? விழுந்த போன் தரையில் கிடந்து பதிவாகிட்டே இருந்தால், கும்பல் அடிச்சதும் அதில் இருக்கும், ஏட்டு விழுந்தவனை ஒரு அடி கூடுதலாக அடிச்சதும் இருக்கும்.

கைது பண்ணினால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் (பயண நேரம் தனி). அதுக்கு முன்னால் டாக்டர் பார்த்து, உடம்பில் காயம் இருந்தால் எழுதுவார். ஸ்டேஷனில் அடிச்சு வாங்குகிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதனால் 'கட்டி வச்சு உரித்தார், அவன் உண்மையைச் சொன்னான், கேஸ் முடிஞ்சது' என்கிற காட்சி தவறு மட்டுமில்லை, அங்கேயே கேஸ் செத்துப்போச்சு என்று அர்த்தம். அந்த விளைவைக் காட்டுவதாக இருந்தால் எடுங்க.

வளவு வாசல் எழுதியது:

வீட்டு விஷயம் நான் சொல்கிறேன். முதல் கேள்வி வாடகை இல்லை, சாவி. பெரிய வீடுகள் பெரும்பாலும் பல புள்ளிகளுக்கு, அதாவது பங்குள்ள பல குடும்பங்களுக்கு, பொது. காவல்காரர் திறந்துவிடுவார் என்பதை வைத்து ஷூட்டிங் போடாதீர்கள். பங்காளிகளில் ஒருத்தர் சரி என்று சொல்லி, இன்னொருத்தர் பாதி நாளில் போன் போட்டு நிறுத்துவது அடிக்கடி நடக்கிற கதை. பங்கு உள்ளவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்த அறை, எத்தனை பேர், எத்தனை மணி வரை, எது உடைந்தால் யார் பொறுப்பு என்று அதிலேயே எழுதணும். உள்ளே போகும் முன் ஒவ்வொரு தூணையும் தரையையும் போட்டோ எடுத்து இரண்டு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற வழிபாடு), கல்யாணம் இருக்கிற மாதங்களைத் தவிர்த்துக் கேளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பற்றித் தெளிவாக இருங்கள். அது சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்துச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கறையைக் குடிக்கும். செயற்கை ரத்தத்தில் போடுகிற சிவப்புச் சாயம் கொட்டினால் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுப்பதைத் தவிர வழி இல்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மேல் வண்ணமே போய்விடும். புதுக் கல் போட்டாலும் எண்பது வருடம் மிதிபட்ட கல்லோடு நிறம் சேராது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தரை என்றால் பூட்ஸ் கால் நன்றாக வழுக்கும், லாடம் அடித்த பூட்ஸ் கோடு போடும். பூட்ஸுக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டினால் இரண்டுக்கும் ஆகும். லைட் ஸ்டாண்டு, டிராலி எல்லாவற்றுக்கும் கீழே பிளைவுட் துண்டு. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரில் ஆணியும் கூடாது, டேப்பும் கூடாது. டேப்பை உரிக்கும்போது மேல்பூச்சு கூடவே வரும்.

கதையிலும் ஒரு திருத்தம். வளவுத் தூண் ஒரு அடி விட்டம், பத்தடி உயரம் என்று வைத்தால் எட்டு கன அடி தேக்கு. சுமாராக 145 கிலோ. ஆறு பேர் தோள் கொடுக்கணும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தூண் மேலே விட்டத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இரும்பு ஜாக்கி கொடுத்து முட்டு வைக்காமல் உருவினால் கூரை இறங்கும். அதனால் திருடுகிறவன் முதலில் எடுப்பது சும்மா சாத்தி வைத்திருக்கிற கதவு, ஊஞ்சல் பலகை, பெட்டகம், கண்ணாடி அலமாரி, பித்தளைப் பாத்திரம். தூண் கடைசி. உங்கள் சண்டையை, முட்டுக் கொடுத்த ஜாக்கிக்குப் பக்கத்தில் வையுங்களேன்? யாரும் அதில் மோதக் கூடாது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அழகாக இருக்கும் என்று அங்கேயே கும்பலின் ஆளை நிறுத்தி எடுக்காதீர்கள். முறையாக வாங்கி விற்கிறவர்களின் பெயர்ப்பலகை ஃபிரேமில் வந்தால் வம்பு. கடையை நீங்களே ஒரு வாடகைக் குடோனில் போட்டுக்கொள்ளலாம்.

முப்பத்தஞ்சு எம்எம் எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்று ஒத்துவரவில்லை. தரை, சுவர் எதையும் தொடக் கூடாது என்கிற வீட்டில் கைகலப்பு எடுத்தால் நடிகர்கள் தரையைப் பார்த்துக்கிட்டே சண்டை போடுவாங்க, அது திரையில் தெரியும். நிஜ வீட்டில் தேடுவது, ஒளிவது, ஓடுவது வரை. உடம்பு தரையில் விழுகிற ஷாட் எல்லாம் செட்டில். முழு வீடும் போட வேண்டாம். ஒரு தூண், இரண்டு பக்கச் சுவர், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடித் தரை போதும். தரைக்கு அந்த வீட்டுக் கல்லையே மேலே இருந்து போட்டோ எடுத்து, மேட் லேமினேஷனோட வினைலில் அடிச்சு, கீழே ஒரு அங்குல ஃபோம் போடுங்க. எண்ணெய்ப் பளபளப்பு வினைலில் வராது. அதனால் இந்த ஷாட்களை இடுப்புக்கு மேலே நெருக்கமாக வைங்க, அகல ஷாட் நிஜ வீட்டில்.

எட்டு நிமிடச் சண்டை வேண்டாம். நிஜமாக மல்லுக்கட்டினால் நாற்பது ஐம்பது விநாடியில் கை கனத்துப் போகும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவான். எட்டில் ஆறு நிமிடத்தைத் தேடுவதற்குக் கொடுங்க. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே அதுக்குத்தான்: முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, மூணாங்கட்டு, பின்வாசல் என்று எல்லா நிலையும் ஒரே நேர்கோட்டில். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. முன்னால் நின்று பார்த்தால் கடைசிக் கதவின் வெளிச்சம் தெரியும். அந்தக் கோட்டில் ஒரு நிழல் குறுக்கே போனால் போதும். இரண்டு போலீசும் பிரிய வேண்டிய காரணமும் கிடைக்குது, ஒருத்தர் பின்தெருவுக்குச் சுற்றி ஓடணும், தெரு நீளம், நேரம் ஆகும். அதுவரைக்கும் உள்ளே இருக்கிறவர் தனி.

கைகலப்பு ஒன்றரை நிமிடம். போலீஸ்காரர் குத்துச்சண்டை போட மாட்டார். பிடிப்பார், தள்ளுவார், மேலே விழுந்து அமுக்குவார். பெல்ட்டைப் பிடி, காலரைப் பிடி, கையை முதுகுக்குத் திருப்பு, முழங்காலைத் தட்டு. உயரம் குறைவான நிலைவாசலில் தலை இடிக்கட்டும், படி தடுக்கட்டும். குறுகலான நடைவழியில் லத்தியை ஓங்கிச் சுழற்ற இடம் இருக்காது, சுவரில் தட்டும். அதனால் இரண்டு கையால் குறுக்கே பிடித்து நெஞ்சில் தள்ளுவது, நுனியால் தொடையில் குத்துவது. சண்டை லத்தி, முக்கால் அங்குல பிவிசி பைப்பில் ஈவா ஃபோம் சுற்றி பெயிண்ட் அடிச்சது. நெருக்க ஷாட்டுக்கு மட்டும் நிஜம்.

குத்து விழுகிற ஷாட்டில் லென்ஸை யோசிங்க. 85 எம்எம் லென்ஸில், அதாவது தூரத்திலிருந்து நெருக்கிக் காட்டுகிறதில், எடுத்தால் கைக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மறையும், கையும் முகமும் லென்ஸுக்கு நேர்கோட்டில் வந்தால் போதும். 24, 28 எம்எம் அகல லென்ஸில் அந்த ஏமாற்று பலிக்காது, இடைவெளி அப்படியே தெரியும். அகல லென்ஸில் அடியே வேண்டாம், பிடியும் தள்ளலும் மட்டும். இதெல்லாம் சண்டைப் பயிற்சி உள்ளவர் ஒருத்தர் இல்லாமல் செய்யாதீங்க. முழங்கை, முட்டி, வால் எலும்புக்குப் பேட் போட்டு மேலே யூனிஃபார்ம், அதனால் ஒரு சைஸ் பெரிசு தைங்க. ஆளுக்கு மூணு செட்: சுத்தமானது, அழுக்கானது, கிழிஞ்சது. தொப்பி எப்போ விழுந்தது, எந்தப் பட்டன் போச்சு என்று ஒருத்தர் எழுதிக்கிட்டே இருக்கணும். ஒரே கேமரா என்பதால் இந்தத் தொடர்ச்சிதான் முதலில் உடையும்.

ராத்திரித் தெருவில் எல்இடி விளக்கு ஓடும். 24 பிரேமில் ஷட்டரை 172.8 டிகிரியில் வைங்க, அதாவது 1/50. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு இல்லாவிட்டால் பட்டை பட்டையாகத் துடிக்கும். பகலில் வளவு எடுத்தால் காலை பத்திலிருந்து இரண்டு வரை வெயில் முற்றத்தில் நேராக விழும், சுற்றுத் தாழ்வாரம் கருப்பாகிடும். மேலே 12க்கு 12 அடி வெள்ளைத் துணி கட்டுங்க.

ஊருணிக்கரை எழுதியது:

நன்றி அண்ணே, நன்றிக்கா. ஜாக்கி விஷயம் கதையையே மாத்துது. ஒன்றே ஒன்று: படம் முழுக்க துப்பாக்கியே இல்லாமல் போகுமா? கடைசியில் எஸ்ஐ வந்து ஒரு குண்டாவது வெடிக்கணும்னு தயாரிப்பாளர் நிற்கிறார்.

பாரா டூட்டி எழுதியது:

வெடிக்கட்டும், ஆனால் ஒரே ஒரு குண்டு. 9 எம்எம் பிஸ்டலில் 13 ரவுண்டு இருக்கும். ஒன்று போனால் 12, அந்த ஒன்றுக்குப் பதில் சொல்லணும். எஸ்ஐ சுட்ட அடுத்த விநாடி என்ன செய்வார் தெரியுமா? காலித் தோட்டாவைத் தேடுவார். இருட்டில் டார்ச் அடித்து ஏட்டும் சேர்ந்து தரையில் தேடணும். ஆள் மேல் பட்டிருந்தால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும், அது முடியும் வரை எல்லார் பெயரும் பேப்பரில் தொங்கும். விரல் டிரிகருக்கு வெளியே இருக்கணும், சுடும்போதுதான் உள்ளே போகணும். துப்பாக்கியை முகத்துக்குப் பக்கத்தில் மேலே தூக்கிப் பிடிக்கிற போஸ் வேண்டவே வேண்டாம்.

முப்பத்தஞ்சு எம்எம் எழுதியது:

ரப்பர் டம்மியில் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய் வருகிற மேல் பாகம், நகராது. அதனால் சுடுகிற நொடியில் துப்பாக்கியைக் காட்டாதீங்க. எஸ்ஐ தோளுக்குப் பின்னால் கேமரா, எதிர்ச் சுவரில் எல்இடி ஒன்று ஒரே ஒரு பிரேம் அடிக்கணும். மீதி சத்தம். வெடிமருந்து வைத்த பிளாங்க் (குண்டு இல்லாத தோட்டா) பக்கம் போகாதீங்க, லைசென்ஸ் உள்ள ஆள், ஆயுதப் பொறுப்பாளர் என்று உங்க பட்ஜெட்டையே அது தின்னும்.

கண்ணாடியை நிஜமாக உடைக்காதீங்க. உடைவதைச் சத்தத்தில் வச்சு, தரையில் கிடக்கிறதை மட்டும் காட்டுங்க. ரத்தத்துக்கு: 750 மில்லி லிக்விட் குளுக்கோஸ், 200 மில்லி தண்ணீர், சிவப்பு உணவுச் சாயம், கோகோ பவுடர் இரண்டு டீஸ்பூன், நீலம் இரண்டே சொட்டு. கோகோவும் நீலமும் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். இது எறும்பை வரவழைக்கும், எடுத்த உடனே கழுவுங்க. செட்டில் மட்டும்தான், அந்த வீட்டுக்குள் பாட்டிலைக்கூடக் கொண்டு போகாதீங்க.

ஒலிப்பதிவு ஓரம் எழுதியது:

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. மூடின வளவில் கை தட்டிப் பாருங்கள், எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று தெரியும். தரை, தூண், சுவர் எல்லாமே வழவழப்பு. ஃபிரேமுக்கு வெளியே ஜமுக்காளத்தை ஸ்டாண்டில் தொங்கவிடுங்கள், ஆளுக்கு ஒரு காலர் மைக். புறாக்கள் இருக்கும், டேக் நடுவில் ஒன்று சிறகடித்தால் வசனம் போச்சு. அடிச் சத்தத்துக்கு நூலகத்தில் கிடைக்கிற 'டிஷ்யூம்' போடாதீர்கள். ஈரத் துணியைச் சுருட்டித் தோல் பெல்ட்டில் அடித்துப் பதிவு செய்து, பாதி அளவுக்கு இறக்குங்கள். மூச்சும் பூட்ஸ் வழுக்குவதும் அதைவிட மேலே கேட்கணும். குண்டு வெடித்த பிறகு நாலைந்து விநாடிக்கு எல்லாச் சத்தத்தையும் மந்தமாக்கி, காதில் கீச்சென்ற ஒலி மட்டும்.

வளவு வாசல் எழுதியது:

தெருவில் எடுக்கும் இரவுகளுக்கு உள்ளூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தெருவில் இருக்கிற வீடுகளுக்கும் முன்னாடியே சொல்லுங்கள். காக்கி போட்ட நடிகர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனால் மேலே ஒரு சட்டை மாட்டிக்கொண்டு போகட்டும். போலி யூனிஃபார்மில் யாரையாவது வண்டியை நிறுத்து என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் அது அரசு ஊழியராக ஆள்மாறாட்டம், பிஎன்எஸ் 204இல் போய் நிற்கும். ரோந்து வண்டியாக வேஷம் போட்ட ஜீப்பை ஓட்டி வராதீர்கள், 'காவல்' ஸ்டிக்கரை இடத்துக்கு வந்து ஒட்டி, முடிந்ததும் உரித்துவிட்டுக் கிளம்புங்கள்.